தராசு கைமாறும் வேளை

2011 முதல் அந்த இரண்டு செயற்கைக்கோள்களுக்கும் பத்தியச் சாப்பாடுதான். மின்கலங்கள் தளர்ந்திருந்தன. பூமியின் நிழலில் அதிக நேரம் செல்ல வேண்டிய வாரங்களில் கருவிகளை அணைத்து வைப்பார்கள். வெயில் திரும்பியதும் மறுபடி இயக்குவார்கள். ஐந்து ஆண்டுகள் உழைத்தால் போதும் என்று 2002 மார்ச் 17 அன்று ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் ஏவுதளத்திலிருந்து அனுப்பப்பட்ட இரட்டையர் அவை. அமெரிக்காவின் நாசாவும் ஜெர்மனியின் விண்வெளி மையமும் சேர்ந்து வைத்த பெயர் ‘கிரேஸ்’. இப்படிக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டதில் பதினைந்து ஆண்டுகள் ஓடின. 2017 இலையுதிர் காலத்தில் ஒன்றின் மின்கலம் முற்றிலும் கைவிட, பணி முடிந்ததாக அக்டோபரில் அறிவித்தார்கள்.

அடுத்த இரட்டையரான ‘கிரேஸ் ஃபாலோ ஆன்’ விண்ணுக்குப் போனது 2018 மே 22 அன்று. மூத்த ஜோடி கொடுத்த கடைசி மாதக் கணக்கு 2017 ஜூன். இளைய ஜோடியின் முதல் கணக்கு 2018 ஜூன். நடுவில் பதினொரு மாதங்கள் வெற்றுப் பக்கங்களாகவே நின்றுவிட்டன.

அந்த வெற்றுப் பக்கங்களைப் பற்றி விஞ்ஞானிகள் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறார்கள் என்பதை அறிய, இந்தக் கோள்கள் செய்யும் வேலையை முதலில் பார்க்க வேண்டும்.

படம் எடுக்காத கோள்

நிலத்தைப் படம் பிடிக்கும் கேமரா எதுவும் இவற்றில் இல்லை. ஏறக்குறைய 500 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றின் பின் ஒன்றாக, சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் துருவங்களைச் சுற்றி வருகின்றன. முன்னால் போகும் கோள் பெரிய பனிப்பாளம் ஒன்றை நெருங்கும்போது அதன் ஈர்ப்பு சற்றுக் கூடுதலாக இழுக்கும். கோள் இம்மியளவு முந்தும், இடைவெளி விரியும். பின்னால் வருவது அதே இடத்தை நெருங்கும்போது இடைவெளி சுருங்கும். இந்த விரிவையும் சுருக்கத்தையும் நுண்ணலைகளால் மைக்ரான் அளவுக்கு, அதாவது மீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு, அளக்கிறார்கள். 220 கிலோமீட்டர் தொலைவில் அந்தத் துல்லியம்!

ஒரு மாத அளவீடுகளைச் சேர்த்தால் பூமியின் ஈர்ப்பு வரைபடம் ஒன்று கிடைக்கும். மலைகள் மாதத்துக்கு மாதம் மாறுவதில்லை. பனி, நிலத்தடி நீர், ஏரி, மண்ணின் ஈரம் ஆகியவைதான் இடம் மாறுகின்றன. ஆகவே ஒரு மாத வரைபடத்தை அடுத்ததோடு ஒப்பிட்டால், தண்ணீர் எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று தெரிந்துவிடும். பூமியின் தண்ணீரை எடை போடும் தராசு இது.

அந்தத் தராசு இந்தியாவைப் பற்றிச் சொன்ன சேதி 2009-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. மேத்யூ ரோடெல், இசபெல்லா வெலிகோன்யா, ஜேம்ஸ் ஃபாமிலியெட்டி மூவரும் செய்த ஆய்வு அது. 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா, டெல்லி பகுதிகளில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்திருந்தது. மேட்டூர் அணையை 93.47 டி.எம்.சி. என்ற முழுக் கொள்ளளவுக்கு 41 முறை நிரப்பக்கூடிய தண்ணீர் அது. அந்த ஆண்டுகளில் மழை ஒன்றும் பொய்த்துவிடவில்லை. பாசனத்துக்காக இறைத்ததில் போனது. ஆயிரமாயிரம் ஆழ்துளைக் கிணறுகள் தனித்தனியே உறிஞ்சியதை ஒரே கணக்காக விண்ணிலிருந்து கூட்டிக் காட்டினார்கள்.

ஏன் இடைவெளி கூடாது?

2010 தொடக்கத்துக்கும் 2011 நடுப்பகுதிக்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 5 மில்லிமீட்டர் தாழ்ந்தது. ஆண்டுதோறும் ஏறிவரும் கடல் எப்படி இறங்கும்? கிரேஸ் கணக்கைப் புரட்டியபோது விடை கிடைத்தது. பலத்த லா நினா காலநிலையால் பெருமழை ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவின் வடபகுதியிலும் கொட்டி, கடல்நீர் சிறிது காலம் நிலத்தில் தங்கியிருந்தது. அந்தக் காலத்தை மட்டும் பார்த்தவர் கடல் வற்றுவதாக நினைத்திருப்பார். இயற்கையின் இத்தகைய ஏற்ற இறக்கங்களைக் கழித்து, அடியில் ஓடும் நிலையான மாற்றத்தைக் காண, பல பத்தாண்டுக் கணக்கு ஒரே சீராக வேண்டும்.

வீட்டில் பால் உறை ஊற்றுவதை நினைத்துப் பாருங்கள். பழைய தயிரில் ஒரு கரண்டி மிச்சம் இருந்தால்தான் இன்றைய பால் தயிராகும். செயற்கைக்கோளுக்கும் இதே நியதி. பழைய கோள் உயிரோடிருக்கும்போதே புதியது போய்ச் சேர்ந்து, இரண்டும் சில மாதங்கள் ஒரே பூமியை அளந்தால், இரு கணக்குகளும் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கலாம். கிரேஸுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. கிரீன்லாந்து, அண்டார்க்டிகா பனிக்கணக்கை வேறு வழிகளில் மதிப்பிட்டு, இரண்டு ஜோடிகளின் எண்களும் முறிவின்றித் தொடர்கின்றன என்று 2020-இல்தான் காட்ட முடிந்தது. ஒட்டுப் போட்டாயிற்று. ஆனால் விடுபட்ட பதினொரு மாதங்களை நேரடியாக அளக்க இனி எந்தக் கோளாலும் முடியாது. நேற்றைய கிணற்றின் ஆழத்தை இன்று கயிறு விட்டுப் பார்க்க முடியுமா?

மூன்றாம் தலைமுறை

இளைய ஜோடிக்கும் இப்போது வயதாகிவிட்டது. அதன் திட்ட ஆயுளான ஐந்து ஆண்டுகள் 2023-லேயே முடிந்தன. இரண்டில் ஒன்றின் முடுக்கமானி ஏவிய சில காலத்திலேயே இரைச்சல் மிகுந்து பழுதுபட்டது. அந்த உயரத்திலும் காற்று மெலிதாக உண்டு. அது கோளை உரசும். அந்த உரசலை முடுக்கமானி சொன்னால்தான் அதைக் கழித்து ஈர்ப்பை மட்டும் பிரித்தெடுக்கலாம். நல்லவேளையாக இரண்டு கோள்களும் ஒரே இடத்தை அரை நிமிட இடைவெளியில் கடக்கின்றன. அதனால் நல்ல கோளின் அளவீட்டையே மற்றதற்கும் திருத்திப் பொருத்துகிறார்கள். 2024-ஐ ஒட்டிச் சூரியன் உச்ச நிலைக்கு வந்தபோது மேல்வளிமண்டலம் உப்பியது, உரசல் கூடியது, அந்த வித்தைக்கும் சோதனை கூடியது.

அடுத்ததைத் திட்டமிடுகிறவர்கள் முன் கடினமான கேள்வி ஒன்று நிற்கிறது: பழையதைப் போலவே செய்வதா, மேலானதாகச் செய்வதா? இந்தத் தராசு ஏறக்குறைய 300 கிலோமீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள பரப்பைத் தனியாகப் பிரித்துக் காட்டாது. ஒரு மாவட்டத்தின் நீர்க்கணக்கைக்கூட அது தனித்துச் சொல்லாது. கூர்மை வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் முற்றிலும் புதிய வடிவமைப்புக்குக் காலமும் செலவும் கூடும். தாமதமானால் மறுபடி வெற்றுப் பக்கங்கள் விழும்.

எடுத்த முடிவு நிதானமானது. நாசாவும் ஜெர்மனியும் 2028-இல் ஏவத் திட்டமிட்டுள்ள ஜோடிக்குத் தொடர்ச்சி என்ற பொருளிலேயே ‘கிரேஸ் கன்டினியூட்டி’ என்று பெயர். அமைப்பு பழையது, அளவுகோல் மட்டும் லேசர். அந்த லேசரும் இரண்டாம் ஜோடியிலேயே நுண்ணலைக்குப் பக்கத்தில் பரீட்சார்த்தமாகப் பறந்து, தன் துல்லியத்தை நிரூபித்துவிட்டது. கூர்மைக்கான வேலையை ஐரோப்பிய விண்வெளி முகமை எடுத்துக்கொண்டுள்ளது. சாய்ந்த பாதையில் அது 2032-ஐ ஒட்டி ஒரு ஜோடியை அனுப்பத் திட்டமிடுகிறது. வடக்கு-தெற்காக மட்டும் ஓடும் ஒரு ஜோடியின் வரைபடத்தில் விழும் பிழைக் கோடுகளைக் குறுக்கே ஓடும் இன்னொரு ஜோடி குறைக்கும்.

இதில் நான் பெரிதும் மதிப்பது ஒரு தேதியை. அமெரிக்க அறிவியல் அகாதமிகள் அடுத்த பத்தாண்டுக்குக் கட்டாயம் அளக்க வேண்டியவற்றின் பட்டியலில் இந்த அளவீட்டைச் சேர்த்தது 2018 ஜனவரியில். அப்போது இரண்டாம் ஜோடி ஏவுதளத்தை விட்டே கிளம்பவில்லை! அவ்வளவு முன்னதாகக் கேட்டும் மூன்றாம் ஜோடி விண்ணுக்குப் போகப் பத்தாண்டுகள் ஆகின்றன. அதுவரை இரண்டாம் ஜோடி தன் திட்ட ஆயுளைப் போல இரண்டு மடங்கு காலம் ஓட வேண்டும்.

முதல் முறை ஒன்றைச் செய்பவருக்குப் பாராட்டும் பணமும் எளிதாகக் கிடைக்கும். அதையே மூன்றாம் முறை செய்யப் பணம் கேட்பவர் பல படிகள் ஏறி இறங்க வேண்டும். நிலத்தடியில் மிச்சமிருக்கும் தண்ணீர் எவ்வளவு என்று நம் பேரப்பிள்ளைகள் ஒருநாள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடையாக இருக்கப்போவது, இப்படி ஏறி இறங்கியவர்கள் மாதம் தவறாமல் எழுதிவைத்த கணக்குதான்.