அன்று ஆளைத் தேடினார்கள், இன்று ஓட்டையைத் தேடுகிறார்கள்

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் நடுவே இருக்கும் கோலா தெர்லாவிலும், சுற்றியுள்ள கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலும் 12 வயது தாண்டிய எல்லாருக்கும் ஒரு சட்டம் வந்தது: படமும் கைரேகையும் பதித்த அடையாள அட்டை இல்லாமல் நடமாடக் கூடாது. சாவடியில் போலீஸ் அட்டையைக் கேட்டது. காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுகள் அதே அட்டையைப் பறித்துக் கிழித்தார்கள். இடையில் அகப்பட்டவர் தொழிலாளி.

அன்றைய உளவுத் தலைமைக்கு மூலதனம் மனிதரின் வாய்தான். 1951 அக்டோபரில் பிரேசர் மலைச் சாலையில் ஹை கமிஷனர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். மறு ஆண்டு அவர் பதவிக்கு வந்த ஜெரால்டு டெம்ப்ளர், உளவுக்கென்று தனியாக ஓர் இயக்குநரை, ஜாக் மார்ட்டனை, அமர்த்தினார். சிறப்புப் பிரிவு குற்றப் புலனாய்விலிருந்து பிரிக்கப்பட்டுக் கை மெடாக்கின் பொறுப்பில் வந்தது. ஜப்பானியர் காலத்தில் சாங்கியில் அடைபட்டிருந்தபோதே மலாயாப் பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் மெடாக். பொறுமையாகக் கவனிப்பது அவருக்குப் புதிதில்லை.

ஆனால் வாயைத் திறக்க வைப்பது வேறு வித்தை. 1952இல் தஞ்சோங் மாலிமில் டெம்ப்ளர் நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டு, அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். அப்புறம் வீடு வீடாகத் தாள் கொடுத்து, பெயர் போடாமல் தெரிந்ததை எழுதச் சொன்னார். பூட்டிய பெட்டிகளில் சேர்ந்த தாள்கள் கோலாலம்பூரில்தான் திறக்கப்பட்டன. ஒரு கையால் மிரட்டி, மறு கையால் மறைப்புக் கொடுத்த முறை அது.

கண்காணிக்கப்பட்ட மக்களிலிருந்தே ஒருவர் இந்த நாற்காலிக்கு வந்த கதையும் உண்டு. வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தாவின் மகனாக ஜொகூர் மூவாரில் சிறுவயதைக் கழித்த எஸ்.ஆர்.நாதன், 1971 முதல் 1979 வரை சிங்கப்பூரின் பாதுகாப்பு, உளவுப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். 1974 லாஜு படகுக் கடத்தலில், கடத்தல்காரர்களோடு தாமே விமானம் ஏறிக் குவைத் வரை போனார். பின்னாளில் நாட்டின் அதிபரானார். அவர் காலத்திலும் இந்த வேலை ஆளுக்கு ஆள் நேரே பார்த்துச் செய்ததுதான்.

இன்று அட்டை மாறிவிட்டது. 2001இல் அதில் சில்லு பதித்து மைகார்டு ஆக்கினார்கள். மக்களைக் கண்காணிக்கத் திரட்டிய விவரத்தை இப்போது திருடரிடமிருந்து காக்க வேண்டியிருக்கிறது. 2017 பிப்ரவரியில் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் கீழ் நாக்சா என்னும் இணையப் பாதுகாப்பு அமைப்பு தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில், 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் அடையாள அட்டை எண்களோடு கசிந்தது அம்பலமானது. மலேசியாவின் மக்கள்தொகையைவிட அது அதிகம்.

தாக்க வருபவனும் காட்டில் பதுங்குவதில்லை. 2015 டிசம்பரில் உக்ரைனில் எங்கிருந்தோ கணினிவழி நுழைந்தவர்கள் சுமார் 2,25,000 இணைப்புகளின் மின்சாரத்தை அணைத்தார்கள். கோலா தெர்லாவிலும் ஒரு சிறு நீர்மின் நிலையம் உண்டு. தெலோம் ஆற்று நீரைச் சுரங்கவழியே திருப்பி ரிங்லெட் ஏரிக்கும், அங்கிருந்து பேராக்கின் ஜோர் மின் நிலையத்துக்கும் கொண்டுபோகும் திட்டத்தின் ஓர் அங்கம் அது. 2024 ஆகஸ்டு 26இல் நடைமுறைக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் 854, முக்கியத் துறைகளாக 11ஐக் குறிக்கிறது. எரிசக்தி அதில் ஒன்று. வேளாண்மையும் தோட்டத்தொழிலும் இன்னொன்று. லயத்து ஆட்களைக் கணக்கெடுத்த அரசாங்கம் இப்போது தோட்டத்துறையின் கணினிகளைக் கணக்கில் எடுக்கிறது.

அந்தச் சட்டப்படி, பட்டியலில் இருக்கும் நிறுவனம் ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் நாக்சாவின் தலைமைச் செயல் அதிகாரிக்கு முதல் தகவல் தர வேண்டும். தவறினால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். டெம்ப்ளரின் ஊரடங்கைவிட நியாயமான ஏற்பாடு: பாரம் ஊர்மக்கள் மேல் விழாமல் நிறுவனத்தின் மேல் விழுகிறது.

என்றாலும் கடிகாரம் ஓடத் தொடங்குவது நிறுவனம் அறிந்த பிறகுதான். தப்பான மின்னஞ்சலைத் திறந்துவிட்ட கிராணி, வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டால் 6 மணி நேரம் 6 மாதம் ஆகலாம். பெயர் போடாத தாள் எதற்குத் தேவைப்பட்டது என்பதை டெம்ப்ளர் அறிந்திருந்தார். இன்றைய தலைமையிடம் தண்டனைப் பிரிவு இருக்கிறது, ஆனால் அது மட்டும் போதாது. உண்மையைச் சொன்ன கிராணிக்குக் கேடு வராது என்ற உறுதியை எந்தச் சட்டப் பிரிவைவிடவும் மேலாளர்தான் தர முடியும். அதைத் தர வைப்பதுதான் இனி உளவுத் தலைவரின் முதல் வேலை.