மெல்லப் போகத் தெரிந்த வண்டி

ஸ்வர்ணமுகியில் ஆண்டின் பல மாதங்கள் தண்ணீரைவிட மணல்தான் அதிகம். திருச்சானூரிலிருந்து யோகிமல்லவரம் பக்கமாகப் போய் ஆற்றில் இறங்கினால் பரல் பரலான மணல், நடுநடுவே நாணல், ஓரமாக ஒரு தடம். ஒரு நாள் காலையில் அந்த மணலில் என் எக்ஸ்பல்ஸ் பைக்கின் பின்சக்கரம் அச்சுவரை புதைந்துவிட்டது. ஆக்சிலரேட்டரைத் திருகத் திருக இன்னும் கீழே போனது. இறங்கிப் பார்த்தேன். ஸ்டாண்டு போடாமலே வண்டி நிமிர்ந்து நின்றது.

அப்போது எதிர்க்கரையிலிருந்து ஒரு டிவிஎஸ் எக்ஸெல் வந்தது. பின்னால் ஆளுயரப் புல்கட்டு. ஓட்டி வந்த பெரியவர் மணல் தொடங்கும் இடத்தில் இறங்கிக்கொண்டார். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சமாகத் திருகியபடி, மாட்டைக் கயிறு பிடித்து நடத்துவதுபோல வண்டியோடு நடந்தார். என்னைத் தாண்டும்போது நிற்கவில்லை. "காலி தீஸேய் நைனா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நைனா, சித்தூர்ப் பக்கத்தில் வாய் நிறையக் கூப்பிடும் சொல். அப்பாவையும் அப்படிக் கூப்பிடலாம், பிள்ளையையும் கூப்பிடலாம். காலி என்றால் தெலுங்கில் காற்று. எழுதினால் தமிழ்க் 'காலி' மாதிரியே இருக்கும்; அன்றைக்கு என் நிலைமைக்கு இரண்டுமே பொருந்தியது. காற்றை இறக்கிவிடு என்பதுதான் அவர் சொன்ன வைத்தியம்.

ஏன் காற்றை இறக்க வேண்டும்? வண்டியும் நானும் பையும் சேர்ந்து பின்சக்கரத்தின்மேல் 120 கிலோ உட்கார்ந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். டயரில் 30 பவுண்டு காற்று, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.1 கிலோ. 120ஐ 2.1ஆல் வகுத்தால் 57. அவ்வளவு சதுர சென்டிமீட்டர்தான் டயர் தரையில் படுகிறது. உள்ளங்கையைவிடச் சின்ன இடம். காற்றை 15 பவுண்டுக்கு இறக்கினால் டயர் சப்பி, அந்த இடம் இரட்டிப்பாகும். டயரின் விறைப்பும் கொஞ்சம் எடை தாங்குவதால் கணக்கு அச்சு அசலாக வராது. ஆனால் போக்கு இதுதான். எடை பரவினால் மணல் தாங்கும். ஒட்டகத்தின் பாதம் அகலமாக இருப்பதும் இதற்காகத்தான்.

இறக்குவதிலும் ஒரு அளவு உண்டு. ரொம்பக் குறைத்துவிட்டால் கல்லில் ஏறும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல இரண்டு ஓட்டை விழும். டயர் ரிம்மில் வழுக்கிச் சுற்றினால் ட்யூபையும் சேர்த்து இழுத்து வால்வைப் பிடுங்கிவிடும்.

பெரியவர் ஏன் வண்டியோடு நடந்தார் என்பது இதைவிடச் சுவையான விஷயம். எக்ஸெல்லில் கியர் கிடையாது, கையால் பிடிக்கும் கிளட்சும் கிடையாது. எஞ்சின் வேகமெடுக்கும்போது உள்ளே சுழலும் கட்டைகள் வெளிப்பக்கம் விரிந்து, ஒரு உருளையின் உட்சுவரைப் பற்றிச் சக்கரத்தைத் திருப்புகின்றன. பாதி வேகத்தில் பாதிதான் பற்றும். அதனால் நடக்கிற வேகத்தில்கூட எஞ்சின் அணையாமல் வண்டி இழுக்கும். எக்ஸெல் 100இல் எஞ்சின் 99.7 சிசி, வண்டி எடை 90 கிலோவுக்குள். டிவிஎஸ் 50 என்று 1980இல் ஓசூரிலிருந்து புறப்பட்ட குடும்பத்தின் பேரன் இது. ஏரிக்கரை, களத்துமேடு, மாந்தோப்பு வரப்பு என்று சித்தூர்ச் சீமையில் தார் காணாத தடத்தையெல்லாம் நாங்கள் ஹெல்மெட்டில் கேமரா மாட்டிக்கொண்டு 'ஆஃப்ரோடு' போவதற்கு நாற்பது வருஷம் முன்பே இந்த வண்டிகள் அளந்துவிட்டன. இதைச் சொன்னால் என் நண்பர்கள் கோபித்துக்கொள்கிறார்கள்.

தார்ச் சாலையை விட்டு இறங்கும் வண்டிக்கு முதலில் வேண்டியது மெல்லப் போகும் திறமை. இந்தக் கருத்துக்கு என் பழைய புல்லட்டும் சாட்சி சொல்லும்.

புல்லட்டைக் கல்யாண ஊர்வலத்து வண்டியாகவும் போலீஸ் வண்டியாகவும்தான் நமக்குத் தெரியும். ஆனால் இன்றைய புல்லட்டின் உடம்பு உருவானது கல்லிலும் சேற்றிலும். இங்கிலாந்தில் ரெட்டிட்ச் ஊரின் ராயல் என்ஃபீல்டு 1932இலேயே அந்தப் பெயரை வைத்துவிட்டது. அந்தக் காலத்து பைக்குகளில் பின்சக்கரம் சட்டத்தோடு இறுகப் பூட்டியிருக்கும்; குழியில் விழுந்தால் அடி நேரே முதுகெலும்புக்கு. 1948இல் பின்சக்கரத்தைத் தனிக் கை ஒன்றில் மாட்டி, அந்தக் கை மேலும் கீழும் ஆடும்படி ஷாக் அப்சார்பர் வைத்த புதிய புல்லட்டை 'ட்ரையல்' போட்டிகளில் இறக்கினார்கள். அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் போட்டியிலும் அது ஓடியது. 1952, 1957 இரண்டு ஆண்டும் ஜானி பிரிட்டன் ஸ்காட்லாந்து ஆறு நாள் ட்ரையலை வென்றது புல்லட்டில்தான்.

ட்ரையலை ரேஸ் என்று நினைத்துவிடக் கூடாது. பாறை, ஓடை, சரிவு என்று குறித்துவைத்த இடங்களைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். கால் தரையில் பட்டால் புள்ளி போகும். ஆமை வேகத்தில், கல்லுக்குக் கல் தடவிக்கொண்டு போகிற ஆட்டம். அதற்கு ஏற்ற எஞ்சின் புல்லட்டினுடையது: 346 சிசி, சிலிண்டரின் அகலம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். இந்த நீண்ட ஓட்டத்தால் அது சீறிச் சுழலாது. கூடவே கனமான ஃப்ளைவீல். குயவர் சக்கரம் போல, ஒரு வெடிப்பில் வாங்கிய வேகத்தை அடுத்த வெடிப்புவரை தன்னிடம் வைத்திருக்கும். கல்லில் முன்சக்கரம் முட்டி நின்றாலும் எஞ்சின் 'டப்' என்று அணையாமல், அந்தச் சேமிப்பைச் செலவழித்து ஏறிவிடும். பழைய வார்ப்பிரும்பு எஞ்சினின் திறன் வெறும் 18 குதிரை. அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை.

எல்லைக் காவலுக்கு வண்டி தேடிய இந்திய ராணுவம் 1950களின் தொடக்கத்தில் 800 புல்லட்டுகளை வாங்கியதற்கும் இந்தக் குணமே காரணம். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் ரெட்டிட்ச்சோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் புல்லட் பிறந்தது. தாய்வீடு மூடிய பிறகும் பிள்ளை இங்கே விடாமல் ஓடியது. 1990களில் 325 சிசி டீசல் எஞ்சினோடு டாரஸ் என்றொரு புல்லட்கூட வந்தது, 6.5 குதிரைத்திறன், எருமையின் நிதானம்.

என்னுடையது வலது காலில் கியர், இடது காலில் பிரேக் இருக்கும் பழைய வகை. அதை உதைத்து எழுப்புவது ஒரு சடங்கு. கிக்கரை மெல்ல அழுத்தினால் அம்மீட்டர் முள் ஆடும். முள் நடுவுக்கு வந்து நிற்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்தால் சிலிண்டரிலிருந்து காற்று 'உஸ்' என்று வெளியேறும். பிஸ்டனை ஒரு நூல் தள்ளிவிட்டு லீவரை விட்டு, ஒரே உதை. முறை தவறினால் கிக்கர் திருப்பி உதைக்கும். கணுக்காலில் எனக்கு இரண்டு முறை வாங்கிய அனுபவம். வேலூரில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மெக்கானிக் அண்ணன் சொல்வார்: "தம்பி, அவசரத்துல இருந்தா பஸ்ல போ. புல்லட்டத் தொடாத."

அதே புல்லட் சேற்றில் என்னைக் கைவிட்டது. ஐப்பசி மழையில் சந்திரகிரிக்குப் பின்னால் ஒரு செம்மண் தடத்தில் போனேன். களிமண் டயரில் அப்பி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே உருண்டு இறுகி, கடைசியில் சக்கரமே சுற்றவில்லை. ஸ்பானரால் நோண்டி எடுத்து இருபது அடி நகர்ந்தால் மறுபடியும் அடைப்பு. ஆஃப்ரோடு பைக்குகளில் முன்மட்கார்டு சக்கரத்தைத் தொடாமல் பறவை அலகு மாதிரி உயரத்தில் நீட்டிக்கொண்டிருப்பது ஏன் என்று அன்றைக்கு விளங்கியது.

இந்த ஊர்த் தரை ஏன் இத்தனை விதமாக இருக்கிறது என்பதை மலையே சொல்லும். திருமலைக்கு 1944இல் திறந்த பழைய மலைப்பாதையில் கொண்டையூசி வளைவுகளில் இறங்கும்போது பக்கச் சுவரைப் பார்த்தால் கீழே கிரானைட், மேலே அடுக்கடுக்காகக் குவார்ட்சைட் என்று இரண்டு வகைப் பாறை ஒரு கோட்டில் சந்திக்கும். அந்தக் கோட்டில் மட்டும் சுமார் 50 கோடி ஆண்டுகள் காணாமல் போயிருப்பதாகப் புவியியலாளர்கள் கணக்கிடுகிறார்கள். அதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். எனக்கு அது டயர் விஷயம். கிரானைட் சிதைந்தால் பரல் மணலாகவும் செம்மண்ணாகவும் ஆகும். குவார்ட்சைட் அப்படிக் கரையாது. கத்திமுனைச் சில்லுகளாக உடைந்து அடிவாரத் தடமெங்கும் கிடக்கும், டயரின் பக்கச் சுவரைத் தேடிக் கிழிக்கும்.

கல் வந்தால் சக்கரத்தின் அளவு பேசும். 2016இல் வந்த ஹிமாலயனுக்கும் 2019இல் வந்த எக்ஸ்பல்ஸ் 200க்கும் முன்சக்கரம் 21 அங்குலம், வயிற்றுக்கும் தரைக்கும் 220 மில்லிமீட்டர் இடைவெளி. பார்ப்பதற்குச் சைக்கிள் சக்கரம் மாதிரி மெல்லியதாக இருக்கும். எதற்கு இந்த உயரம்? பத்து சென்டிமீட்டர் உயரக் கல் ஒன்று குறுக்கே கிடக்கிறது. டயரோடு சேர்த்து 35 சென்டிமீட்டர் ஆரமுள்ள இந்தச் சக்கரத்துக்கு அந்தக் கல், முதலில் தொடும் இடத்தில், ஏறத்தாழ 45 டிகிரி ஏற்றம். 12 அங்குல ரிம் உள்ள ஸ்கூட்டருக்கு அதே கல் 55 டிகிரி. முன்னதற்கு மேடு, பின்னதற்குக் கிட்டத்தட்டச் சுவர். ஏறிய பிறகு வரும் அடியை வாங்கிக்கொள்ளத்தான் நீளமான ஃபோர்க். எக்ஸ்பல்ஸில் அது 190 மில்லிமீட்டர் உள்வாங்கும்.

மீதி அடியை ஓட்டுபவரின் முழங்கால் வாங்க வேண்டும். ஆஃப்ரோடில் எழுந்து நின்று ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நின்றால் எடை கீழே இறங்கி வண்டி நிலைக்கும் என்று பலர் விளக்கம் சொல்கிறார்கள். நின்றால் உடம்பு உயரத்தானே போகும்? உண்மையில், உட்கார்ந்திருக்கும்போது நாமும் சீட்டும் ஒரே மூட்டை. நின்றதும் நாம் வேறு, வண்டி வேறு. கீழே வண்டி குதிக்கலாம், சாயலாம்; மேலே உடம்பு அதன் போக்கில் போகும். கை மட்டும் ஹேண்டில்பாரை இறுக்கக் கூடாது. மணலில் முன்சக்கரம் நெளியும். நெளிய விட வேண்டும். அதை நேராக்கப் பிடித்தவர்கள்தான் விழுகிறார்கள். என் இடது தோள் அதற்குச் சாட்சி.

பிரேக்கிலும் ஒரு தலைகீழ்ப் பாடம் இருக்கிறது. தார்ச்சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது ஏபிஎஸ். உதிரிச் சரளையில் சில நேரம் பூட்டிக்கொள்வதே நல்லது; பூட்டிய சக்கரம் தனக்கு முன்னால் சரளையைக் குவித்து அணை கட்டிக்கொள்ளும், அந்தக் குவியல் வண்டியை நிறுத்தும். ஏபிஎஸ் விட்டு விட்டுப் பிடித்தால் அணை கட்டவே விடாது. அதனால்தான் இந்த வகை வண்டிகள் சிலவற்றில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்கச் சுவிட்ச் வைக்கிறார்கள். தார் ஏறியதும் மறக்காமல் போட வேண்டும்.

இந்தக் கலையின் வேகமான முகம் டக்கார் ராலி. 2015இல் சி.எஸ். சந்தோஷ் அதை முடித்த முதல் இந்தியரானார். 2022இல் ஹீரோ அணியின் ஜோவாகிம் ரோட்ரிக்ஸ் ஒரு நாள் கட்டத்தை வென்றார். அந்த ஹீரோவுக்கு நம் சத்தியவேடு பக்கம் ஒரு ஆலை இருப்பதில் எனக்குக் கொஞ்சம் உள்ளூர்ப் பெருமை.

சேஷாசலத்துக்குள் ஓட்டுவாயா என்று கேட்பவர்களுக்கு: மாட்டேன். 2010இல் உயிர்க்கோளக் காப்பகமான காடு அது. காப்புக்காட்டுத் தடத்தில் அனுமதியில்லாமல் வண்டி விடுவது குற்றம். செம்மரக் காடு வேறு. தமிழ்நாட்டுப் பதிவெண்ணோடு அடிவாரத்தில் அந்தி நேரத்தில் நின்றால் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். என் பையில் கால் பம்பும் இட்லியும் இருந்தன. பம்பை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

பம்புக்கு வருகிறேன். பெரியவர் சொன்னபடி காற்றை இறக்கி, டயருக்கு முன்னால் கையால் மணலை வாரிவிட்டு, நாணலை முறித்துப் போட்டேன். முதல் கியரில் எஞ்சினை முனக மட்டும் விட்டு, எக்ஸெல்காரர் மாதிரியே பக்கத்தில் நடந்தேன். வண்டி வந்துவிட்டது. கரையேறித் தார்ச்சாலைக்கு வந்ததும் இறக்கிய காற்றையெல்லாம் திரும்ப அடிக்க வேண்டுமே. இரண்டு டயருக்கும் சேர்த்து முந்நூறு மிதிக்கு மேல். சாலையோரம் நின்று பம்பு மிதிப்பவன் உள்ளூர்க்காரனாகத்தான் இருப்பான் என்று எல்லாருக்கும் நம்பிக்கை. ஒவ்வொரு காரும் அருகில் வந்து கண்ணாடியை இறக்கி, திருச்சானூர்த் தாயார் கோயிலுக்கு எப்படிப் போகணும் என்று கேட்கிறது. கையைக் காட்டிவிட்டுத் திரும்பினால் எத்தனையாவது மிதி என்பது மறந்துபோகிறது.