நீதிபதிக்கு வாக்குக் கேட்பவர்கள்

சர்வதேச நீதிமன்றத்தின் மீது நம்மவர் வைத்திருக்கும் நம்பிக்கை பெரியது. அங்கே யார் அமர்வது என்பதை அரசுகள் எந்தக் கணக்கில் தீர்மானிக்கின்றன என்பது பற்றியோ நாம் அதிகம் பேசுவதில்லை.

ஹேக் நகரிலுள்ள இந்நீதிமன்றத்தின் பதினைந்து நீதிபதிகளில் ஐவர் மூன்றாண்டுக்கு ஒருமுறை தெரிவாகின்றனர். ஏட்டின்படி வேட்பாளரை முன்மொழிவது அரசல்ல; நாட்டுக்கு நால்வர் வரை கொண்ட சட்ட அறிஞர் குழு. நடைமுறையில் குழுவின் முதுகுக்குப் பின்னால் பெரும்பாலும் வெளிவிவகார அமைச்சே நிற்கிறது. பின்னர் ஐ.நா. பொதுச் சபையிலும் பாதுகாப்புச் சபையிலும் ஒரே வேளையில், தனித்தனியே, இரகசிய வாக்கெடுப்பு. இரண்டிலும் அறுதிப் பெரும்பான்மை வேண்டும். இங்கே வீட்டோ செல்லாது.

வேட்பாளரின் தீர்ப்புகளைப் படித்துப் பார்த்து வாக்களிக்கும் அரசுகளும் இருக்கக்கூடும். ஆனால் பெருவழக்கு கைமாற்றுத்தான். எங்கள் நீதிபதிக்கு நீங்கள் போடுங்கள், பாதுகாப்புச் சபைக்கோ மனித உரிமைப் பேரவைக்கோ உங்களுக்கு நாங்கள் போடுகிறோம் என்ற உடன்பாடுகள் மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் முன்னரே செய்யப்படுகின்றன. கொடுத்த வாக்கும் போட்ட வாக்கும் ஒன்றுதானா என்று எவராலும் சரிபார்க்க முடியாது.

2017ஆம் ஆண்டுத் தேர்தல் இதற்கு நல்ல பாடம். ஐந்து இடங்கள், ஆறு வேட்பாளர்கள். நவம்பர் 9இல் நால்வர் தெரிவாயினர். அவர்களுள் லெபனானின் நவாப் சலாமும் ஒருவர். ஆசியாவுக்கு வழமையாகக் கிடைக்கும் இடம் அவரிடம் போய்விடவே, இந்தியாவின் தல்வீர் பண்டாரியும் பிரித்தானியாவின் கிறிஸ்தோபர் கிறீன்வூட்டும் எஞ்சிய ஓரிடத்துக்கு மோதினர். பொதுச் சபை பண்டாரியின் பக்கம்; பாதுகாப்புச் சபை ஒன்பதுக்கு ஐந்து என்று கிறீன்வூட்டின் பக்கம். சுற்றுக்குச் சுற்று இழுபறி. நவம்பர் 20இல் பிரித்தானியா விலகிக்கொண்டது. 1946இன் பின் முதற்தடவையாக அந்த நீதிமன்றில் பிரித்தானியர் இல்லை. இருவருமே அங்கு ஏற்கெனவே அமர்ந்திருந்த நீதிபதிகள். அந்தப் பதினொரு நாட்களில் எவருடைய சட்ட அறிவும் கூடவுமில்லை, குறையவுமில்லை. அதே ஆண்டு ஜூனில் சாகோஸ் தீவுகளின் விவகாரத்தை இதே நீதிமன்றத்துக்கு அனுப்பப் பொதுச் சபை 94க்கு 15 என வாக்களித்து பிரித்தானியாவைத் தோற்கடித்திருந்தது. அந்தக் காற்றுத்தான் நவம்பரிலும் வீசியது என்பது என் கணிப்பு.

எனினும் தெரிவானபின் ஒருவர் எப்படி எழுதுவார் என்பது எந்தப் பேரத்திலும் அடங்காது. இலங்கையரான சி.ஜி. வீரமந்திரி 1991 முதல் 2000 வரை அங்கு நீதிபதி. 1995இல் கிழக்குத் தீமோர் வழக்கை, இந்தோனேசியா கட்சியாக இல்லாததால் தீர்க்க முடியாதென 14 நீதிபதிகள் கைவிட்டபோது, சுயநிர்ணய உரிமையை முன்வைத்து மாறுபட்ட இருவரில் அவர் ஒருவர். இதற்காகக் கொழும்புக்கு யாரும் நற்சான்று வழங்க வேண்டியதில்லை.

ஜோன் றீட் 1958இல் விலகியபின் அங்கு கனடியர் எவரும் தெரிவாகவில்லை. ஆயினும் கனடா ஒவ்வொரு தேர்தலிலும் வாக்களிக்கிறது. ஒட்டாவாவுக்கு நாம் எழுதும் மகஜர்களில் இதுபற்றிய ஒரு வரியைக்கூட நான் கண்டதில்லை. கனடியக் குழுவில் இருப்போர் யார், யாரைக் கேட்டு முன்மொழிகின்றனர் என்று வினவ இங்கே வாக்குரிமையுள்ள நமக்கு உரித்துண்டு. சட்ட பீடங்களைக் கலந்தாலோசிக்கும்படி நீதிமன்றச் சட்டத்தின் 6ஆம் பிரிவே பரிந்துரைக்கிறது. ரொறன்ரோவில் மட்டும் அத்தகைய பீடங்கள் மூன்று உண்டு.