வாய் உலர்வும் சுரப்பிப் படமும்

திண்டுக்கல் சமவெளியில் கோடை வந்துவிட்டால் நா வறளாதவர் எவரும் இலர். வேடசந்தூர்ப் பக்கம் களை எடுப்பவரும், நிலக்கோட்டைப் பூந்தோட்டத்தில் உழைப்பவரும் ஒரு செம்புத் தண்ணீர் அருந்தியதும் தெளிந்துவிடுவர். தண்ணீர் குடித்த பின்னும், மழைக்காலத்திலும், மூன்று மாதங்களுக்கு மேலாக வாய் உலர்ந்தே இருக்குமாயின், அதை வெறும் உஷ்ணம் என்று விட்டுவிடலாகாது.

மே முதல் நாள் கிராமசபை ஒன்றில் நாம் கண்ட மூதாட்டிக்குத் தண்ணீர் இல்லாமல் ஒரு கவளமும் இறங்குவதில்லை. கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தல். பற்கள் ஒவ்வொன்றாகச் சொத்தையாகி உதிர்ந்துவிட்டன. “சூட்டு உடம்பு” என்று இளநீரிலேயே பல ஆண்டுகள் கழிந்தன. சுரப்பியின் பழுது பின்னர்த்தான் தெரியவந்தது. மருந்து கிடைத்தது, போன பற்கள் திரும்பவில்லை.

உமிழ்நீர் தரும் பெரிய சுரப்பிகள் மூன்று இணை: காதின் முன்புறம், கீழ்த்தாடையின் அடியில், நாவின் கீழ். நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை ஊறும் இந்நீரே உணவை நனைத்து, பல்லையும் காக்கிறது.

வாய் உலர்ந்தவர் யாவருக்கும் படம் தேவையில்லை. இரத்த அழுத்தம், ஒவ்வாமை, மனச்சோர்வு ஆகியவற்றுக்கு உண்ணும் சில மாத்திரைகள், நீரிழிவு, புகையிலைப் பழக்கம், கழுத்தில் பெற்ற கதிர்வீச்சு மருத்துவம் ஆகியனவும் காரணமாகலாம். ஆகவே, உண்ணும் மாத்திரைகளை முதலில் டாக்டரிடம் காட்டுக, தாமாக நிறுத்தற்க.

சுரப்பியின் மீதே ஐயம் எழுந்தால், முதலில் எடுப்பது கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அதே ஒலி அலை ஸ்கேன். இதில் கதிர்வீச்சு இல்லை, வலியும் இல்லை. நலமான சுரப்பி, பரம்படித்த வயல்போல் ஒரே சீராகத் தோன்றும். பழுதுற்றது, ஆங்காங்கே கரும்புள்ளிகளோடு மேடுபள்ளமாகத் தோன்றும். ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933-இல் விரிவாக விளக்கிய நோயில் இத்தோற்றம் காணப்படும். உடலின் காப்புப் படையே தன் சுரப்பிகளைத் தாக்கும் இந்நோய், நடுவயதுப் பெண்களிடமே மிகுதி.

உண்ணும்போது தாடையடி வீங்கி வலித்துப் பின் வடிந்தால், குழாயில் கல் அடைத்திருக்கலாம். மடையில் கல் விழுந்தால் வாய்க்கால் ததும்புவது போன்றதே இது. இத்தகைய கற்களில் பத்துக்கு எட்டு தாடையடிச் சுரப்பியில் உண்டாகின்றன. ஸ்கேனில் கல் வெண்மையாகவும், அதன் பின்னே நிழலாகவும் தெரியும்.

இதனால் தெளிவாகாவிடில் வேறு வழிகள் உண்டு. குழாயினுள் மருந்துநீர் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது பழைய முறை. சீழ் பிடித்திருக்கையில் இதைச் செய்வதில்லை. காந்தப் படம் கதிர்வீச்சின்றிக் குழாய்களைக் காட்டும். பெருநகர மருத்துவமனைகளில், இரத்தக் குழாயில் சிறிதளவு டெக்னீசியம் செலுத்தி, சுரப்பி அதை ஈர்ப்பதையும், புளிப்புச் சாறு தந்ததும் வெளிவிடுவதையும் காமிராவால் அளப்பர். முன்னவை சுரப்பியின் உருவத்தைக் காட்ட, இது அதன் உழைப்பைக் காட்டுகிறது.

எனினும், படம் ஒன்றே தீர்ப்பாகாது. தொடக்க நிலையில் படம் சீராகவே இருக்கலாம். இரத்தப் பரிசோதனையும், சில வேளை உள்ளுதட்டில் எடுக்கும் சிறு சதைப் பரிசோதனையுமே நோயை உறுதி செய்யும்.

திண்டுக்கல்லில் 2022 ஜனவரி 12-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவைக்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரின் சீட்டுடன் அதன் மருத்துவமனைக்குச் செல்லலாம். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தம் வார்டில் மூன்று குறிகளைக் கவனிப்பார்களாக: ஓயாத வாய் உலர்வுடன் கண் உறுத்தல், உண்ணும்போது தாடை வீக்கம், காதின் முன்புறம் வடியாமல் வளரும் கட்டி. மூன்றாவதில் ஒரு வாரமும் தாமதம் கூடாது. அது புற்றாகவும் இருக்கக்கூடும்.

பல் போனால் சொல் போச்சு என்பர் பெரியோர். பல் போகுமுன்னர் ஒரு சொல் சொல்லி அனுப்பிவைப்பது நம் கடமையாகும்.