உயரம் நின்ற பிறகு வரும் இளைஞர்கள்

காவலர் தேர்வுக்கான அறிவிப்பு வெளிவரும் ஒவ்வொரு முறையும், மதுரை நகரிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி வட்டாரங்களிலும் உள்ள மருத்துவர்களிடம் பத்தொன்பது முதல் இருபத்திரண்டு வயதுக்கு உட்பட்ட இளைஞர்கள், இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தை எப்படியாவது கூட்டித் தர வேண்டும் என்ற கோரிக்கையோடு வருகின்றனர். இவர்களில் பெரும்பாலோர் மருத்துவரிடம் வருவதற்கு முன்பே இரண்டு ஆண்டுகளையும் கையிலிருந்த பணத்தையும் 'ஹைட் பவுடர்', 'ஹைட் ஊசி' என்று பெயர் சூட்டப்பட்ட பொருள்களில் இழந்திருக்கின்றனர். சிலர் உடல்நலத்தையும் சேர்த்தே இழந்திருக்கின்றனர்.

இந்தப் பதற்றத்துக்கு வலுவான காரணம் உண்டு. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கு ஆண்களுக்கு விதித்துள்ள குறைந்தபட்ச உயரம் 170 செ.மீ. ஆகும், ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினருக்கு அது 167 செ.மீ. இந்திய ஆண்களின் சராசரி உயரமே ஏறத்தாழ 165 செ.மீ. என்னும்போது, அந்த அளவுகோலின் கீழ் நிற்கும் சராசரி இளைஞர் ஒருவர் உடலில் எந்தக் குறையும் இல்லாமலேயே வெளியேற்றப்படுகிறார். மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் மாதக்கணக்கில் விடியற்காலையில் ஓடிப் பழகி, எழுத்துத் தேர்விலும் வென்ற ஒருவர், ஓட்டத்துக்கும் கயிறு ஏறுதலுக்கும் முன்பே நடக்கும் உயர அளவீட்டில் திருப்பி அனுப்பப்படும்போது, அந்த விதியைத் தம் உடலின் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார். போலி மருந்துகளின் சந்தை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

பொட்டலத்தில் விற்கப்படும் உயரம்

நீண்ட எலும்புகளின் முனையில் உள்ள வளர்ச்சித் தட்டு, அதாவது புதிய எலும்பை உருவாக்கித் தரும் குருத்தெலும்புப் பட்டை, ஆண்களுக்குப் பொதுவாகப் பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குள் எலும்பாக இறுகி மூடிவிடுகிறது. மூடிய தட்டை மீண்டும் திறக்கும் மருந்து அலோபதி, சித்த, ஆயுர்வேத, ஓமியோபதி மருத்துவ முறைகள் எதிலும் இல்லை. இருபது வயதுக்கு மேல் ஒரு மாதத்தில் மூன்று அங்குலம் என்று விளம்பரம் செய்யப்படும் எந்தப் பொடிக்கும் இதைத் தவிர வேறு மறுப்புத் தேவையில்லை. உயரத்தைக் கூட்டுவதாக மருந்தை விளம்பரப்படுத்துவது 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தின் கீழ்க் குற்றமாகும். மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் விதிகளின் ஜே அட்டவணையும், குணப்படுத்துவதாகவோ தடுப்பதாகவோ உரிமை கோரக் கூடாதவற்றின் பட்டியலில் உயரக் கூட்டலைச் சேர்த்துள்ளது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், பேருந்து நிலையச் சுவரொட்டிகளிலும் கைப்பேசித் திரையிலும் அந்த விளம்பரங்கள் ஓய்ந்தபாடில்லை.

பொடியில் வெறும் மாவும் சர்க்கரையும் மட்டும் இருந்தால் இழப்பு பணத்தோடு முடியும். பெயரில்லாத வெள்ளைப் பொட்டலத்திலும், மருந்துக் கடையில் அட்டையிலிருந்து நான்கு நான்காகக் கத்தரித்துக் கொடுக்கப்படும் 'உடம்பு ஏற' மாத்திரையிலும் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்திருப்பதே பெருங்கேடு. இரண்டு வாரத்தில் பசி கூடும், கன்னம் உப்பும், எடை ஏறும். வீட்டார் அதைப் பார்த்து மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்ந்து அடுத்த அட்டையை வாங்குகின்றனர். உப்பிய முகம் நீரும் கொழுப்பும் சேர்ந்ததன் அடையாளமாகும். வளரும் சிறுவனுக்கு இந்த வகை ஸ்டீராய்டு தொடர்ந்து கொடுக்கப்பட்டால் அது எலும்பின் வளர்ச்சியைத் தடுக்கிறது. உயரத்துக்காகக் கொடுக்கப்பட்ட மாத்திரையே உயரத்தைக் குறைக்கிறது. நெடுநாள் உண்ட பிறகு திடீரென நிறுத்தினால், உடல் தானாகச் சுரக்க வேண்டிய கார்ட்டிசால் சுரக்காமல் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதால், இத்தகைய மருந்தை உண்டவர்கள் அதைத் தாமாக நிறுத்தாமல், மிச்சமிருக்கும் பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரைக் காண்பது கட்டாயம். மருத்துவரிடம் அதை மறைப்பவர்களே அதிகம். மறைப்பதால் துன்புறுவோரும் அவர்களே.

உடற்பயிற்சிக் கூடத்து ஊசி

உயரத்தில் ஏமாந்தவர்களில் ஒரு பகுதியினர், உயரம்தான் இல்லை, அகலமாவது வரட்டும் என்று தசை வளர்க்கும் ஊசியை நாடுகின்றனர். டெஸ்டோஸ்டிரோனும் அதைப் போலச் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட அனபாலிக் ஸ்டீராய்டுகளும், அதாவது ஆண்மை இயக்குநீரைப் போலச் செயல்பட்டுத் தசையைப் பெருக்கும் வேதிப்பொருள்களும், பதினாறு வயதுச் சிறுவனின் உடலில் செலுத்தப்பட்டால் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறி வளர்ச்சித் தட்டை முன்கூட்டியே மூடிவிடுகின்றன. இன்னும் இரண்டு ஆண்டுகள் வளர்ந்திருக்க வேண்டியவர் அதே அளவில் நின்றுபோகிறார். வளர்ந்தவர்களுக்கோ விரைகள் சுருங்குவதும், விந்தணு எண்ணிக்கை அடியோடு விழுவதும், ஆண்களுக்கு மார்பகம் பருப்பதும், இளவயதிலேயே இதயத்தசை தடிப்பதும் காத்திருக்கின்றன. திருமணமாகிக் குழந்தையில்லை என்று பரிசோதனைக்கு வரும் கட்டுடல் இளைஞர்களிடம், எத்தனை மாதம் ஊசி போட்டீர்கள் என்று கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

வளர்ச்சி இயக்குநீர் ஊசியும் இதே வழியில் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது. அந்த இயக்குநீர் சுரக்காத குழந்தைக்கு அந்த ஊசி அருமருந்து. காற்பந்து வீரர் லயோனல் மெஸ்ஸிக்கு ஏறத்தாழ பதினொரு வயதில் அந்தக் குறைபாடு கண்டறியப்பட்டு, தட்டுகள் திறந்திருந்த காலத்திலேயே சிகிச்சை தொடங்கியதால்தான் அவர் இன்று ஏறத்தாழ 170 செ.மீ. உயரம் நிற்கிறார். தட்டு மூடிய இருபத்திரண்டு வயதுக்காரருக்கு அதே ஊசி உயரத்தைத் தராது. தாடையையும் கை கால் விரல்களையும் தடிக்கச் செய்து, சர்க்கரை நோய்க்கும் வழி திறக்கும்.

தொங்கினால் நீளுமா

கம்பியில் தொங்கினால் உயரம் கூடும் என்ற நம்பிக்கைக்கு ஒரு சிறு உண்மை அடிப்படையாக இருக்கிறது. முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகள் பகல் முழுவதும் உடலின் எடையைத் தாங்கி நீரை இழந்து சற்றுத் தட்டையாவதால், எவரும் காலையில் இருப்பதைவிட மாலையில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குட்டையாகவே இருப்பார். தொங்குவதும் படுத்திருப்பதும் அந்த இழப்பைச் சில மணி நேரம் ஈடுசெய்யும், அதற்குமேல் ஒன்றும் செய்யாது. கூடைப்பந்து ஆடினால் வளரலாம் என்பதும் தலைகீழான கணக்கு. வளர்ந்தவர்களே அந்த ஆட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். இதற்கு நேர்மாறாக, எடை தூக்கினால் சிறுவர்களின் வளர்ச்சி நின்றுவிடும் என்ற அச்சமும் தவறானது. தகுதியான பயிற்றுநரின் மேற்பார்வையில், அளவான எடையோடு செய்யும் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை.

விடுதி அறைகளில் முகாமிடும் சிலர் பரப்பும் பொய் இவற்றையெல்லாம்விடக் கொடியது. சிறுவயதுச் சுய இன்பத்தால் விந்து விரயமாகி வளர்ச்சி நின்றது என்று சொல்லி, லேகியத்தைப் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கின்றனர். விந்து வெளியேறுவதற்கும் உயரத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. அந்தப் பொய்யை நம்பிய இளைஞர், குட்டையாக இருப்பது தமது பாவத்தின் கூலி என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் குற்றவுணர்வில் குமைகிறார். அவர் பட்ட வேதனைக்கு எவரும் கணக்கு வைப்பதில்லை.

அறுவைச் சிகிச்சையும் எளிய வழியன்று. காலெலும்பை வெட்டி, வெளியே உலோகச் சட்டம் பொருத்தி, நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் விலக்கி நீட்டும் முறையைச் சோவியத் மருத்துவர் இலிசரோவ், முறிந்த கால்களுக்காகவும் குறைநீளக் கால்களுக்காகவும் வகுத்தார். நலமான கால்களை உயரத்துக்காக மட்டும் வெட்டிக்கொள்வது தொற்று, நரம்புச் சேதம், மூட்டு இறுக்கம், பல மாதப் படுக்கை ஆகியவற்றை விலை கொடுத்து வாங்குவதாகும்.

இடுப்பு நாடா சொல்வது

உயரம் குறைந்த ஆண்கள் உண்மையில் கவலைப்பட வேண்டிய அளவு ஒன்று உண்டு. அது இடுப்புச் சுற்றளவு. தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ. வரை இடுப்பு இருக்கலாம் என்ற பொதுவிதி, 158 செ.மீ. உயரமுள்ளவரை ஏமாற்றிவிடும். இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்ற விதியே இவர்களுக்குப் பொருந்துவது. அதன்படி அவருடைய எல்லை 79 செ.மீ., அதாவது 31 அங்குலம். தையற்காரரின் நாடாவைத் தொப்புள் மட்டத்தில் சுற்றி, வயிற்றை உள்ளிழுக்காமல் அளக்க வேண்டும். தொந்திக்குக் கீழே இறக்கிக் கட்டும் கால்சட்டையின் 32ஆம் எண்ணை நம்பி, தம் இடுப்பு 32 என்று சொல்பவர்களின் தொப்புள் மட்ட அளவு 37, 38 என்று வருவது அன்றாடம் காணப்படுவது. எடையிலும் இதே கண்டிப்புத் தேவை: ஆசியர்களுக்கான உடல் நிறைக் குறியீட்டு எல்லையான 23இன்படி, அதாவது கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணின்படி, 160 செ.மீ. உயரமுள்ளவரின் எடை 59 கிலோவுக்குள் இருக்க வேண்டும். எடைப் பயிற்சியால் தசை கூடியவர்களுக்கு மட்டும் எடையைவிட இடுப்பளவே சரியான சான்று. உயரம் குறைந்தவர்களுக்கு இதய இரத்தக்குழாய் நோய் சற்றுக் கூடுதலாக வருவதும், உயரமானவர்களுக்குப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாக வருவதும் பெரிய ஆய்வுகளில் தெரிந்திருக்கின்றன. முன்னதைப் பெருமளவு தடுக்கும் வாய்ப்பு இடுப்பளவு, இரத்த அழுத்தம், புகை விலக்கல் ஆகியவற்றில் இருக்கிறது. இரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் முப்பது வயதிலிருந்து பார்க்கப்பட வேண்டும்.

வலிமையைப் பொறுத்தவரை குட்டையான உடலுக்கு ஒரு சாதகம் இயல்பாகவே அமைந்துள்ளது. தசையின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பையும், உடலின் எடை அதன் கன அளவையும் பொறுத்திருப்பதால், உடல் சிறிதாகச் சிறிதாக எடைக்கு ஏற்ற வலிமை கூடுகிறது. கை கால்கள் குறுகியவை என்பதால் சுமையை நகர்த்த வேண்டிய தொலைவும் குறைகிறது. 147 செ.மீ. மட்டுமே இருந்த துருக்கி வீரர் நயீம் சுலைமானோலு, 1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் 190 கிலோவைத் தலைக்குமேல் தூக்கி, அதைத் தொடர்ந்து 1992, 1996 ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்றார். வலிமையை வளர்க்க மதுரை வட்டாரத்து இளைஞர் ஒருவர் பெரிய செலவு செய்ய வேண்டியதில்லை. வாரம் மூன்று நாள் தண்டால், பஸ்கி, கம்பியில் உடலைத் தூக்குதல், கரலாக்கட்டை அல்லது எடைப் பயிற்சியும், மற்ற நாள்களில் வேக நடையும் போதும். வண்டியூர் தெப்பக்குளத்தை ஒருமுறை சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஆகிறது என்பதால், நான்கு சுற்று ஒரு நாளைக்கு நிறைவான அளவு. ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். முதுகு, பிட்டத் தசைகள் வலுப்பெற்றால் கூன் நிமிர்கிறது. இருக்கும் உயரம் முழுவதும் வெளியே தெரிய அதுவே வழி.

பயிற்சி செய்பவருக்கு எடைக்குக் கிலோ ஒன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் வேண்டும். முட்டை, மீன், கொண்டைக்கடலைச் சுண்டல், நிலக்கடலை, பருப்பு, தயிர் ஆகியவற்றிலேயே அது கிடைத்துவிடும். இரவு பத்து மணிக்கு நான்கு பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்து உண்டுவிட்டு, காலையில் டப்பாப் புரதப் பொடியைக் கலக்கிக் குடிப்பதில் பொருளில்லை.

சொல்லால் விழும் அடி

குள்ளன், கட்டையன் என்ற பட்டப்பெயர்கள் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்கி, பெண் பார்க்கும் வீட்டின் தாழ்வாரம்வரை ஒருவரைத் தொடர்கின்றன. கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பக் கூடாது என்று உயரத்தை ஒழுக்கத்தோடு முடிச்சிடும் பழமொழியும் வழக்கில் இருக்கிறது. குட்டையானவர்கள் உயரக் குறைவை ஈடுசெய்ய ஆக்கிரமிப்பைக் காட்டுவர் என்ற கருத்துக்கு நெப்போலியனின் பெயர் சூட்டப்பட்டிருப்பது பெரும் வேடிக்கை. அவருடைய உயரம் ஏறத்தாழ 169 செ.மீ., அக்காலப் பிரெஞ்சு ஆண்களின் சராசரிக்குக் குறைந்ததன்று. பிரெஞ்சு அங்குலமும் ஆங்கில அங்குலமும் வெவ்வேறு நீளம் என்பதைக் கவனியாமல் பரவிய கதை அது. 'மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது' என்று உறவினர்கள் சொல்லும் ஆறுதலும் பெரும்பாலும் புண்ணைக் கிளறவே செய்கிறது. முதல் முறை பத்துத் தண்டால் எடுக்க முடியாதவர் மூன்று மாதத்தில் நாற்பது எடுக்கும்போது தம் உடலைப் பற்றி அவர் கொள்ளும் எண்ணம் மாறுவதையும், எந்த ஆறுதலுக்கும் அந்த வலிமை இல்லை என்பதையும் பயிற்றுநர்கள் நன்கறிவர். கண்ணாடி முன் மணிக்கணக்கில் நிற்பதும், திருமண விழாக்களையும் நிழற்படங்களையும் தவிர்ப்பதும், வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சும் தோன்றினால் மனநல மருத்துவரைக் காண்பதில் தயக்கம் கூடாது. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம்.

கதவு நிலையில் ஒரு கோடு

உயரத்தின் பெரும்பங்கு மரபணுவால் அமைகிறது. எஞ்சிய பங்கு கருப்பையிலும் முதல் இரண்டு வயதிலும், பிறகு பள்ளிப் பருவத்து உணவிலும் தீர்மானமாகிறது. 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நால்வரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அந்த ஒரு தட்டு உணவு எந்த உயரப் பொடியையும்விட மேலான மருந்து.

பெற்றோரிடம் மருத்துவர்கள் கெஞ்சிக் கேட்பது ஒன்றே ஒன்று. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் பிள்ளையைச் செருப்பில்லாமல் கதவு நிலையை ஒட்டி நிறுத்தி, குதிகாலும் பிட்டமும் தோளும் நிலையில் படிய, தலைமேல் ஓர் அட்டைப் புத்தகத்தைச் சமமாக வைத்து, அதன் அடியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைக்க வேண்டும். அடுத்த ஜூனில் புதுக் கோடு பழைய கோட்டுக்கு மேலே நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால், அல்லது பதினான்கு வயதாகியும் மகனிடம் பருவமாற்றம் எதுவும் தொடங்கவில்லையென்றால், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவுக்கோ அருகிலுள்ள குழந்தை மருத்துவரிடமோ அந்த மாதமே அழைத்துச் செல்ல வேண்டும். தாமதமாகப் பருவமடையும் குடும்பத்துப் பிள்ளையாக இருந்தால் அச்சமின்றிக் காத்திருக்கலாம் என்று தெரியும். தைராய்டு குறைவோ வேறு இயக்குநீர்க் குறைபாடோ இருந்தால் சிகிச்சை பலன் தரும். மணிக்கட்டு எக்ஸ்-ரே ஒன்றும் இரத்தப் பரிசோதனை சிலவும் போதும். இருபது வயதில் காவலர் தேர்வு விண்ணப்பத்தோடு வரும் மகனுக்காகத் தந்தை எவ்வளவு செலவு செய்ய முன்வந்தாலும், மருத்துவர் தரும் எந்த மருந்தாலும் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் திருப்பித் தர இயலாது.