உறைக்குள் ஒரு வெற்றி

வாள் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது போர்க்களம். தியானம் என்றதும் தோன்றுவது தனிமை. இவ்விரண்டையும் ஓரிடத்தில் கூட்டிவைத்த கலை ஒன்று ஜப்பானில் உண்டு. உறையிலிருந்து வாளை உருவும் அக்கலைக்கு இயாய்தோ என்று பெயர்.

இதனைப் பயில்பவர் மரத்தரையில் மண்டியிட்டு அமர்கிறார். எதிரே எவரும் இல்லை. பகைவன் இருப்பதாகப் பாவித்துக்கொள்ள வேண்டும். வாளை உருவும்போதே முதல் வீச்சு நிகழ்ந்துவிடுகிறது. அடுத்து, மேலிருந்து கீழாக ஒரு வெட்டு. பின்னர், படிந்த குருதியை உதறுவது போன்ற ஓர் அசைவு. இறுதியில், வாளை மெல்ல உறையில் இடுதல். அப்போதும் கண்கள் உறையை நோக்குவதில்லை. இடக்கையின் உணர்வே வழிகாட்டுகிறது. கூரிய வாளாயின், சிந்தை சிதறிய கணத்தில் வெட்டுப்படுவது தன் கையே. ஆதலால் புதிதாகப் பயில்வோர்க்குக் கூரற்ற வாளையே தருவர்.

இக்கலையின் முதல்வராகக் கருதப்படுபவர் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹயாஷிஸாக்கி ஜின்சுகே. தந்தையைக் கொன்றவனைப் பழிதீர்க்க வேண்டி, ஷிண்டோ ஆலயம் ஒன்றில் நோன்பிருந்து இவ்வித்தையை அவர் பெற்றார் என்பது மரபுக் கதை. ஆக, கதையின்படி இதன் பிறப்பு சினத்தில், சாந்தத்தில் அன்று.

சாந்தத்தை வாளுக்குப் போதித்தவர்களுள் தலையாயவர் தக்குவான் சோஹோ (1573–1645) என்னும் ஸென் துறவி. ஷோகன் என்னும் படைத்தலைவரின் வாளாசிரியரான யாகியூ முனெனோரிக்கு அவர் எழுதியனுப்பிய உபதேசம் புகழ்பெற்றது. ஆயிரம் கரமுடைய அவலோகிதேசுவரரின் மனம் ஒரு கரத்தில் தங்கிவிட்டால், எஞ்சிய கரங்கள் அனைத்தும் பயனிழக்கும் என்பது அவர் காட்டிய உவமை. பகைவனின் வாளிலோ தன் வாளிலோ தங்காத மனமே தடையின்றி இயங்கும் என்பது அதன் கருத்து. நம் தியானம் என்னும் சொல்லே சீனத்தில் சான் ஆகி, ஜப்பானில் ஸென் ஆயிற்று. அந்நெறியைச் சீனத்திற்குக் கொண்டுசென்றவராகப் போற்றப்படும் போதிதர்மர் தென்னாட்டவர் என்பதும் ஒரு மரபு.

1876ஆம் ஆண்டில் பொது இடங்களில் வாள் அணிவதை ஜப்பானிய அரசு தடைசெய்தது. வாளின் பயன் மறைந்தும் கலை மறையவில்லை. 1969இல் பொதுப் பயிற்சிக்கென ஏழு முறைகள் வகுக்கப்பெற்றன. அவை இன்று பன்னிரண்டு.

ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. அமைதியுற்ற மனமெல்லாம் அறவழி நிற்கும் மனம் ஆகிவிடுமா? ஆகாது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஸென் துறவியர் சிலர், தயங்காத மனம் என்னும் இதே போதனையைக் கொண்டு படைவீரரைப் போருக்கு ஊக்கினர். அசையாத உள்ளம் நன்மைக்கும் துணையாகும், தீமைக்கும் துணையாகும்.

அதனாலன்றோ, வாளை உருவாமலே வெல்வதே மேலான வெற்றி என்று இக்கலையின் ஆசிரியர்கள் வற்புறுத்துகின்றனர்! உருவக் கற்பது ஆற்றல். உருவ வேண்டாத வேளையை அறிவது ஞானம். பயிற்சி ஒவ்வொன்றும் வாள் உறை புகுவதோடு முடிவது அதனை நினைவூட்டத்தான் போலும்.