சேமக்கலமும் மிதவை மின்னேற்றமும்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குக் கிழக்கே, ஏறக்குறைய அதற்கு இணையாகச் செல்லும் சாலை ஜாலான் புசார். 'பெரிய சாலை' என்பது இம்மலாய்ப் பெயரின் பொருள். இரும்புச் சாமான் கடைகளுக்கும் விளக்குக் கடைகளுக்கும் வாகன உதிரிப்பாகக் கடைகளுக்கும் பெயர்பெற்ற வட்டாரம் இது. 2017 ஜூலை 10ஆம் நாள் மூடப்பெற்ற சுங்கை ரோடு பழம்பொருட் சந்தையும் இதன் அருகேதான் இருந்தது. ஆசிரியன் ஒருவன் பாடம் கேட்கும் இடமாக இவ்வட்டாரத்தை எவரும் எண்ணார். ஆயினும், என் மாணவர்க்கு நான் சொன்ன பாடம் ஒன்றின் குறையை நான் உணர்ந்தது இங்கேதான். அதனை ஆசிரிய நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் ஜொகூர் மாநிலத்துத் தோட்டப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியன். என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் நாள்தோறும் விடியுமுன் தம் 'கப்சாய்' மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று வந்தார். 2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, வேலையை இழக்க மனமின்றி ஜாலான் புசாரை அடுத்த ஒரு விடுதியில் தங்கிவிட்டார். ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சிங்கப்பூரிலும் பெரும்பாலான தொழில்கள் முடங்கின. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

ஒருநாள் தொலைபேசியில் என்னைக் கேட்டார்: "சார், வண்டி சும்மாவே நிக்குது. பேட்டரி போயிடுமா?"

"வாரத்துக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைப்பா, போதும்" என்றேன். ஊரார் பலரும் சொல்லக் கேட்டதையே நானும் சொன்னேன். அறிவியல் கற்பித்தவன் கணக்குப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும், பார்க்கவில்லை.

வேலை மீண்டும் தொடங்கிய காலையில் வண்டி அசையவில்லை. அன்றைய கூலியும் போயிற்று; புதிய பேட்டரிக்கும் செலவாயிற்று. அவர் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. ஆனால் எங்கே பிழைத்தோம் என்ற வினா என்னை விடவில்லை.

கலமும் அடுக்கும்

முதலில் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். மின்னைத் தரும் ஒற்றை அறை மின்கலம். கலங்கள் பல சேர்ந்தது மின்கல அடுக்கு. கைவிளக்கில் இடும் கலத்தைப் பயன்படுத்தித் தீர்ந்ததும் எறிந்துவிடுகிறோம். வண்டியில் உள்ளதோ, மின்னேற்றி மீண்டும் மீண்டும் பயன்படுத்தக்கூடியது. ஆகவே அதற்குச் சேமக்கலம் என்ற பெயர் பொருந்தும். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி என நாம் வழங்குவது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு வோல்ட் தரும் ஆறு சேமக்கலங்களின் அடுக்கேயாம்.

1859இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே இவ்வகைக் கலத்தை முதன்முதல் அமைத்தார். அதன் எதிர்த்தகடு காரீயம். நேர்த்தகடு காரீய ஈராக்சைடு. இடையே இருப்பது நீர்கலந்த கந்தக அமிலம். ஈயம் என்றே இதனைச் சொல்லலாமே எனச் சிலர் கேட்கக்கூடும். மலேசியத் தமிழர்க்கு ஈயச் சுரங்கம் என்றால் வெள்ளீயச் சுரங்கம். அது வேறு உலோகம். மயக்கம் நேராதிருக்கவே காரீயம் என்கிறேன்.

கலம் மின்னைத் தரும்போது, அமிலத்தின் ஒரு பகுதி இரு தகடுகளிலும் காரீய சல்பேட்டாகப் படிகிறது. எஞ்சிய நீர்மம் தண்ணீரை நெருங்குகிறது. மின்னேற்றும்போது படிவு கரைந்து அமிலம் மீள்கிறது. எனவே அமிலத்தின் ஒப்படர்த்தியே கலத்தின் நிலையைக் காட்டும். நிறைந்த கலத்தில் அது ஏறக்குறைய 1.27, தீர்ந்த கலத்தில் 1.12 அளவு. மூடியுள்ள அடுக்கில் திரவமானியை இறக்க இயலாது. அங்கே வண்டியைச் சில மணி நேரம் ஓய்வாக வைத்து, வோல்ட்மானியால் அளக்கலாம். 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்துள்ளது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12க்குக் கீழ் என்றால் பெரிதும் வற்றிவிட்டது.

நிற்பதும் ஒரு செலவே

வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டால் கலமும் ஓய்ந்துவிடுகிறது என்பது நம் எண்ணம். உண்மை அதுவன்று. இரு வழிகளில் மின் கழிந்துகொண்டே இருக்கிறது.

ஒன்று, கலத்தின் உள்ளேயே நிகழும் தன்னிழப்பு. பழுதற்ற கலத்திலும் திங்களுக்குச் சில விழுக்காடு இவ்வாறு குறையும். வெப்பம் 10 பாகை உயர்ந்தால் இவ்விழப்பு ஏறக்குறைய இருமடங்காகும். குளிர்நாட்டு நூல்கள் கூறும் கால அளவை ஆண்டு முழுதும் வெயில் காயும் நம் நாடுகளில் அப்படியே கொள்ளலாகாது.

மற்றொன்று, திருட்டெச்சரிக்கை மணி, கடிகாரம் முதலிய சிறு கருவிகள் ஓயாமல் உறிஞ்சுவது. இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எச்சரிக்கை மணி 10 மில்லி ஆம்பியர் எடுப்பதாகக் கொண்டால், நாளொன்றுக்கு 0.24 ஆம்பியர்-மணி செலவாகும். வாரத்திற்கு 1.68. சிறு மோட்டார் சைக்கிளின் அடுக்கு 5 ஆம்பியர்-மணி கொள்ளளவுடையதாயின், மூன்று வாரத்திற்குள் முற்றும் வற்றிவிடும்.

இனி என் அறிவுரையைச் சோதிப்போம். பொறி மெதுவாகச் சுழலும்போது, ஒரு ஆம்பியர் வீதம் மின்னேறுகிறது என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். ஐந்து நிமிடத்தில் ஏறுவது 0.08 ஆம்பியர்-மணி. கழிந்ததோ 1.68. இருபது வெள்ளி கடன்பட்டவன் வாரந்தோறும் ஒரு வெள்ளி கட்டுவது போன்றது இது. அந்த ஒரு வெள்ளியிலும் பொறியைக் கிளப்பிய செலவு போக மிச்சம் என்ன இருக்கும்? வட்டாரக் கடை ஒன்றின் சீன முதியவர் இதனையே என் மாணவரிடம் மலாய் மொழியில் சுருக்கமாகச் சொன்னாராம்: ஓட்டுவதானால் நெடுந்தூரம் ஓட்டு, இல்லையேல் மின்னேற்றியில் போடு.

வற்றுவது மட்டும் கேடன்று. வற்றியபடியே கிடப்பதுதான் பெருங்கேடு. புதிதாகப் படிந்த காரீய சல்பேட்டு நுண்ணியது, மின்னேற்றினால் கரைந்துவிடும். நாள் செல்லச் செல்ல அது பெரிய படிகங்களாகி இறுகுகிறது. அவை மின்னை ஏற்பதுமில்லை, கரைவதுமில்லை. தகட்டின் அப்பகுதி செத்ததற்கு ஒப்பாகும். ஓடித் தேய்ந்து அழியும் கலங்கள் ஒருபுறமிருக்க, ஓடாமல் கிடந்து இவ்வாறு அழிபவையும் மிகப் பல.

மிதவை என்னும் பெயர்

இக்கேட்டைத் தடுப்பதே மிதவை மின்னேற்றியின் வேலை. 'மிதவை' என்ற பெயர் எப்படி வந்தது? தொலைபேசி நிலையங்களில் 24 கலங்களைத் தொடராக இணைத்து 48 வோல்ட் அடுக்கு அமைப்பது பழைய வழக்கம். நேர்மின்னோட்டம் தரும் கருவி ஒரு புறமும், தொலைபேசி இணைப்புகள் மறு புறமும் இருக்க, அடுக்கு இரண்டோடும் எப்போதும் இணைந்தே நிற்கும். வழங்கும் மின்னழுத்தம் அடுக்கின் அழுத்தத்தினும் சிறிதே மிகுந்திருப்பதால், அடுக்கினுள் பெருக்காக எதுவும் பாய்வதில்லை, அதிலிருந்து வெளியேறுவதுமில்லை. துறையில் கட்டிய ஓடம் நீர்மட்டத்தோடு மிதந்து நிற்பது போல, அடுக்கு அவ்வழுத்தத்தின்மேல் மிதக்கிறது. வெளிமின்சாரம் நின்றால், அந்நொடியே சுமையை அது ஏற்றுக்கொள்ளும். மிதவை என்ற சொல் இந்நிலையைக் குறிப்பதாகும்.

வண்டிக்குரிய மின்னேற்றி இதே முறையில் இயங்குவது. முதலில் குறைந்ததை நிரப்புகிறது. 12 வோல்ட் அடுக்கில் அழுத்தம் ஏறக்குறைய 14.4 வரை உயர்ந்து, கலம் நிறைந்ததும், தானாகவே 13.2க்கும் 13.8க்கும் இடைப்பட்ட அளவிற்கு இறங்கி அங்கே நிற்கிறது. பிறகு தன்னிழப்பால் கசிந்த அளவு மட்டுமே உள்ளே செல்லும். கசியும் பானையில் கசிந்த அளவே நீர் வார்ப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

பழைய மலிவான மின்னேற்றிகள் சில இப்படிப்பட்டவை அல்ல. கலம் நிறைந்ததா, இல்லையா என்று நோக்காமல், ஒரே அளவு மின்னோட்டத்தைச் சொட்டுச் சொட்டாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அவற்றை வாரக்கணக்கில் மாட்டிவைத்தால் நீர் பிரிந்து ஆவியாகி, தகடுகள் வறண்டு அழியும். வாங்கும்போது 'நிறைந்ததும் மிதவை நிலைக்கு இறங்குமா?' என்று கேட்டறிதல் வேண்டும்.

வெப்பத்தையும் மறத்தலாகாது. மேற்கூறிய அளவுகள் 25 பாகைக்கு உரியவை. அதற்குமேல் ஒவ்வொரு பாகைக்கும் 12 வோல்ட் அடுக்கிற்கு ஏறக்குறைய 0.018 வோல்ட் குறைக்க வேண்டும். தகரக் கொட்டகையில் 35 பாகை இருந்தால், 0.18 வோல்ட் குறைப்பு. வெப்பத்தை உணர்ந்து தானே குறைக்கும் மின்னேற்றியே நம் நாட்டிற்கு ஏற்றது.

லாரிக்கு உரியவை

கனரக லாரிகளில் பெரும்பாலும் 12 வோல்ட் அடுக்குகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பர். அதற்கு 24 வோல்ட் மின்னேற்றியே வேண்டும். மிதவை அளவும் இருமடங்கு. வானொலிக்கோ விளக்கிற்கோ இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பது தவறு. அந்த ஒன்று வற்ற, மற்றது மிகையாக மின்னேறி, இரண்டும் கெடும். மாற்றும்போதும் இரண்டையும் ஒருசேர மாற்றுவதே முறை. மின்னேற்றியின் அளவும் அடுக்கிற்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும். சிறு மோட்டார் சைக்கிளுக்கு அரை ஆம்பியர் முதல் ஒரு ஆம்பியர் போதும்; 100 ஆம்பியர்-மணி லாரி அடுக்கிற்கு 5 முதல் 10 ஆம்பியர் வேண்டும்.

மின்வசதி இல்லாத இடத்தில்

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்துமிடத்தில் செருகிக்கொள்ள மின்துளை ஏது என நேயர்கள் கேட்கலாம். நெடுநாள் நிறுத்துவதாயின் பேட்டரியைக் கழற்றிக் காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து மின்னேற்றலாம். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதனைக் கடைசியிலும் கையாள்க. கழற்ற இயலாவிடில், எதிர்முனைக் கம்பியையாவது எடுத்துவிடுக. சிறு கருவிகள் உறிஞ்சுவது நிற்கும். தன்னிழப்பு நிற்காது, ஆதலின் திங்களுக்கு ஒருமுறை மின்னேற்றல் வேண்டும்.

மின்னேறும் கலத்திலிருந்து ஹைட்ரஜன் வளி வெளிவரக்கூடும். காற்றில் அது 4 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றும். எனவே அருகில் நெருப்பும் பொறியும் ஆகா. நீர் குறைந்தால் வாலைவடி நீரை மட்டும் ஊற்றுக; அமிலம் ஊற்றலாகாது. புதுவகை லித்தியம் அடுக்கிற்கு அதற்கென அமைந்த மின்னேற்றியே வேண்டும். செத்த பேட்டரியைக் குப்பையில் இடாமல் கடையில் ஒப்படைக்க வேண்டும். காரீயம் நஞ்சு, ஆனால் உருக்கி மீண்டும் பயன்படுத்தத்தக்கது. இறுதியாக ஒன்று: சல்பேட்டு இறுகிச் செத்த கலத்தை மிதவை மின்னேற்றி உயிர்ப்பிக்காது. அது காவலேயன்றி மருந்தன்று.

நான் கற்றது

2022 ஏப்ரல் 1ஆம் நாள் நில எல்லை முழுமையாகத் திறந்தபின், என் மாணவரைக் காண ஜாலான் புசார் சென்றேன். அவர் வேலை செய்யும் பட்டறையின் பின்புறம் நின்ற லாரியில் ஒரு மின்னேற்றியும், அவருடைய கப்சாயில் சிறியது ஒன்றும் பச்சை விளக்கோடு மாட்டியிருந்தன. 2020இல் வாங்கிய பேட்டரிதான் அந்தக் கப்சாயில் அப்போதும் இருந்தது. "சார், நீங்க சொன்னது தப்பில்லை, பாதிதான்" என்றார் சிரித்துக்கொண்டே. ஆசிரியனுக்குக் காட்டிய மரியாதை அது. தவறு தவறுதான்.

எங்கள் தோட்டத்து லயத்தில் என் இளமையில் கார் பேட்டரியை வைத்துத்தான் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி பார்த்தோம். பள்ளி விடுமுறைக்கு உறவினர் வீடு சென்று திரும்பினால், திரையில் படம் சுருங்கித் தெரியும். 'யார் பார்த்தது?' என்று அப்பா எங்களையே கேட்பார். யாரும் பார்க்கவில்லை என்பதை அன்று அவருக்கு எடுத்துச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. ஆசிரியனான பின்னும், கலம் மின்னைத் தரும் என்றே கற்பித்து வந்தேனேயன்றி, சும்மா இருக்கும்போதும் இழக்கும் என்று ஒருநாளும் கற்பிக்கவில்லை.

இப்போது மின்கலப் பாடத்தின் முடிவில் ஒரு வினாவைச் சேர்த்திருக்கிறேன்: 'நிறுத்தி வைத்த வண்டியின் பேட்டரி மூன்று திங்களில் என்ன ஆகும்?' பழைய பேட்டரி ஒன்றை நிறைய மின்னேற்றி, மேசைமேல் வைத்து, வாரந்தோறும் வோல்ட்மானியால் அளந்து கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வருகிறோம். என் வகுப்புப் பிள்ளைகளில் பலருடைய பெற்றோர் மோட்டார் சைக்கிளை நம்பி வேலைக்குச் செல்பவர்கள். ஏனைய ஆசிரியர்களும் இவ்வளவையேனும் தத்தம் வகுப்பில் செய்து பார்க்க வேண்டுகிறேன்.